ஜகதீச சந்திர போஸின் சிற்றறை



ஆண்டுதோறும் நம் சங்க மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்பதும், அலுவல் மிகுதியைக் காட்டி நான் நழுவுவதும் வழக்கமாயிருந்தன. இவ்வாண்டு நழுவ இயலவில்லை. அதற்குக் காரணம் பிரேசர் டவுனில் நம் காலனியைச் சேர்ந்த நான்கு சிறுவர்கள். அவர்களுள் ஒருவன் என் மகன்.

சென்ற கோடை விடுமுறையில் இந்நால்வரும் எஸ்.பி. ரோடு கடைகளில் ஒரு நாள் முழுதும் அலைந்து, சிறு அலைபரப்பி ஒன்றைத் தாமே அமைப்பதற்கான பாகங்கள் அடங்கிய கிட் ஒன்றை வாங்கி வந்தனர். தீப்பெட்டியினும் சற்றே பெரிய அச்சுப்பலகை ஒன்று, இரண்டு டிரான்சிஸ்டர்கள், வண்ணக் கோடிட்ட ரெசிஸ்டர்கள், மிளகளவுக் கண்டென்சர்கள், ஒரு குவார்ட்ஸ் படிகம், 9 வோல்ட் பாட்டரி; இவ்வளவே சரக்கு. பேச்சையோ பாட்டையோ அது அனுப்பாது. ரயில் நிலையங்களில் நமக்கு முந்திய தலைமுறைத் தந்திக் குமாஸ்தாக்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்களே, அந்த மோர்ஸ் குறிகளை மட்டும் 7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வில் அனுப்ப வல்லது. ஆற்றலோ ஒரு வாட்டிற்கும் குறைவு. இத்தகைய கருவியை ஆன்டெனாவில் பூட்டி வானில் அலை விடுவதற்கு மத்திய அரசின் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெறல் வேண்டும். ஆகையால் உரிமம் கிட்டும் வரை ஆன்டெனாவின் இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பூட்டிச் சோதிக்குமாறு, உரிமம் பெற்ற அன்பர் ஒருவர் அவர்களுக்கு அறிவுறுத்தினார். பிள்ளைகளும் அதனைக் கேட்டு நடந்தனர்.

தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. ஈயம் பற்றவைக்கும் கோல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை விரிப்பில் ஒரு துளையிட்டது. மற்றொரு வீட்டில் பாட்டியாருக்கு அப்புகை ஒவ்வவில்லை. ஆகவே சங்கக் கட்டடத்தின் பின்புறம் குழாயடியை ஒட்டி, மடக்கு நாற்காலிகளும் பந்தல் துணியும் அடைத்து வைத்திருக்கும் சாமான் அறையின் ஒரு மூலையைத் தங்களுக்குத் தருமாறு பிள்ளைகள் செயற்குழுவுக்கு விண்ணப்பம் எழுதினர். தமிழில் எழுதியிருந்தனர், பிழைகள் மலிந்திருந்தன. படிப்புக் கெடும் என்றனர் சிலர். அந்த இருட்டறையில் விஞ்ஞானமாவது வளர்வதாவது என்று நகைத்தனர் சிலர். நகைத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை. அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோதுதான், குளியலறையை ஒட்டிய ஓர் அறையும், அதனுள் ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகமும் என் நினைவுக்கு வந்தன. அந்த அறைக்கு உரியவரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்காள தேசத்தைச் சேர்ந்த பகுதியில் தோன்றினார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில ஆட்சியில் டெபுடி மாஜிஸ்ட்ரேட் பதவி வகித்தவர். அந்நாளில் அத்தகைய பதவியிலுள்ளோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பிள்ளை முதலில் தன் மொழியையும் தன் மக்களையும் அறிந்து கொள்ள வேண்டும், ஆங்கிலம் பின்னர் வரலாம் என்பது அவர் துணிபு. வகுப்பில் சிறுவன் ஜகதீசனுக்கு ஒருபுறம் தந்தையின் ஏவலாளருடைய மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, மீன், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். வேற்று மாநிலத்தில் வாழும் நாம், ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறோமே, அத்தயக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கே நாணம் வந்தது.

பள்ளிக்கு அவரைத் தோளில் சுமந்து சென்றவர் யார் தெரியுமோ? ஒரு பழைய கொள்ளைக்காரர்! பகவான் சந்திரராலேயே சிறைத் தண்டனை பெற்றவர். விடுதலையான பின் பிழைக்க வழியின்றி அவர் முன் வந்து நின்றார். யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதை உணர்ந்த மாஜிஸ்ட்ரேட் தம் நான்கு வயதுப் பிள்ளையை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். ஒருமுறை குடும்பத்தார் ஆற்று வழியே படகில் செல்லுகையில் கொள்ளையர் படகுகள் சூழ வந்தனவாம். இவர் எழுந்து நின்று தம் பழைய கூட்டத்தின் குரலை எழுப்பவே, வந்த படகுகள் திரும்பிப் போயின என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

தந்தையாரிடம் மற்றொரு குணமும் இருந்தது. பர்துவானில் கொள்ளை நோய் பரவி எண்ணற்ற சிறுவர்கள் அனாதைகளானபோது, அவர்கள் பிழைக்கும் பொருட்டுத் தச்சு, கடைசல், உலோக வார்ப்பு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் பட்டறையைத் தம் வளவிலேயே ஏற்படுத்தினார். அப்பட்டறையில் சிறுவன் ஜகதீசன் சுத்தியும் அரமும் பிடிக்கக் கற்றான். பித்தளையில் சிறு பீரங்கி ஒன்றையும் வார்த்தெடுத்தான். மாஜிஸ்ட்ரேட்டின் மகன் கரி படிந்த கையுடன் நிற்பதை ஒருவரும் இழிவாக எண்ணவில்லை. பின்னாளில் அவர் செய்த கருவிகளின் நுட்பத்தைக் கண்டு ஐரோப்பா வியந்ததே, அந்நுட்பத்தின் வேர் இப்பட்டறையில் உள்ளது என்பேன்.

கல்கத்தாவில் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கு லபோன் பாதிரியார் என்னும் பௌதிக ஆசிரியர் சோதனைகளைக் கண்முன் செய்து காட்டிக் கற்பிப்பதில் பெயர் பெற்றவர். பட்டம் பெற்றபின் இங்கிலாந்து செல்ல விழைந்தார். ஆனால் தந்தையார் தேயிலைத் தோட்டத்திலும் நெசவுத் தொழிலிலும் பொருளை முதலிட்டு இழந்து கடனில் மூழ்கியிருந்தார். அன்னையார் தம் நகைகளை விற்கவும் முன்வந்தார். 1880இல் லண்டன் சென்று மருத்துவம் படிக்கத் தொடங்கிய போஸைத் தாய்நாட்டிலேயே பற்றிய விஷக் காய்ச்சல் விடாது வாட்டியது. மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு ரேலி பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று, மறு ஆண்டு தாயகம் திரும்பினார்.

இனி வருவது, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம் போன்றோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பதவியில் இந்தியர் ஒருவரை அமர்த்துவதைக் கல்வித்துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் விரும்பவில்லை. வைசிராய் ரிப்பன் பிரபுவின் ஆதரவால் 1885இல் தற்காலிகமாக வேலை கிடைத்தது. அக்காலத்து விதிப்படி, ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்குச் சம்பளம். தற்காலிகப் பதவியாதலின் அதிலும் பாதி. ஆக, ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு! போஸ் இதனை எதிர்த்துக் கூட்டம் கூட்டவில்லை. வேலையை விட்டு விலகவும் இல்லை. நாள்தோறும் தவறாது வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாத முடிவில் வந்த சம்பளக் காசோலையை மட்டும் கையால் தொடாமல் திருப்பி அனுப்பினார். ஒரு மாதமன்று, இரு மாதமன்று, மூன்று ஆண்டுகள்!

முதல் தேதி சம்பளம் மூன்றாம் தேதிக்குத் தள்ளிப் போனாலே மளிகைக் கடைக்காரர் முகத்தில் விழிக்கத் தயங்குகிறவன் நான். அவர் வீட்டிலோ தந்தையின் கடன் வேறு. அதற்கிடையே 1887இல் திருமணமும் நடந்தது. மணமகள் அபலா, நம் சென்னையோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக் கொள்ளாமையால், வங்காள அரசின் உதவித்தொகை பெற்று 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவ்வம்மையார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாது திரும்பினார். ஊர் விட்டு ஊர் வந்து மொழி தெரியாத நகரத்தில் தனித்து வாழ்வதென்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். கல்கத்தாவில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் தம்பதியர் ஹூக்ளி நதிக்கரையில் சந்திரநகரில் குடியேறினர். காலையில் சிறு படகில் ஆற்றைக் கடந்து கணவர் வேலைக்குச் செல்வார். படகை மனைவி திருப்பி ஓட்டி வருவார். மாலையில் மீண்டும் அழைத்து வருவார். சம்பளமில்லாத வீட்டில் இவ்வளவு அமைதியாகப் படகோட்ட எத்தகைய மனம் வேண்டும்!

மூன்று ஆண்டுகளுக்குப்பின் கல்லூரி முதல்வரும் கல்வித்துறைத் தலைவரும் அவர் திறமையையும் உறுதியையும் ஒப்புக் கொண்டனர். பதவி நிலையாக்கப்பட்டது. முழுச் சம்பளம் முன்தேதியிட்டு மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அவர் முதலில் செய்தது தந்தையின் கடனை அடைத்ததே. அரியர்ஸ் தொகை கிட்டியதும் வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று பட்டியல் போடும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் எண்ணிக் கொண்டேன்.

1894ஆம் ஆண்டு நவம்பர் 30, அவருடைய 36ஆம் பிறந்த நாள். அன்று முதல் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பதென்று உறுதி பூண்டார். நாமோ 36 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது போலப் பேசத் தொடங்கி விடுகிறோம்.

ஆராய்ச்சிப் பொருள், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வலைகள் உண்மையாகவே உள்ளன என்று நிறுவி, 1894இன் முதல் நாளில் இளமையிலேயே மறைந்துவிட்டார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. ஒளியைப் போலவே அவையும் திரும்பும், வளையும் என்று காட்ட அவருக்கு ஆளுயரத் துத்தநாக ஆடிகளும், சுமார் 600 கிலோ எடையுள்ள கீலால் வார்த்த பட்டகமும் தேவைப்பட்டன. போஸ் வேறு விதமாக எண்ணினார். அலையையே சிறிதாக்கி விட்டால் கருவியும் சிறிதாகி விடுமன்றோ? சிறுகச் சிறுகக் குறைத்து 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டு வந்தார். நம் பிள்ளைகளின் கருவியில் பிறக்கும் அலையின் நீளம் சுமார் 40 மீட்டர். ஏறத்தாழ இரண்டு ரயில் பெட்டிகள் நீளம். போஸின் அலை ஒரு துவரம்பருப்பு அளவே!

இவ்வேலையைச் செய்ய அவருக்கு எங்கே இடம் கிடைத்தது? கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் இல்லை. குளியலறையை ஒட்டியிருந்த 24 சதுர அடிச் சிற்றறை ஒன்றை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார். ஆறடிக்கு நான்கடி என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் சங்கத்துச் சாமான் அறையை மறுநாளே நாடாவால் அளந்து பார்த்தேன். அது 90 சதுர அடி இருந்தது.

உதவியாளரோ எழுதப் படிக்கத் தெரியாத தகரக் கொல்லர் ஒருவர். அவருக்குப் போஸே தொழில் நுட்பம் கற்றுக் கொடுத்தார். வாரத்திற்கு 26 மணி நேரம் வகுப்பு எடுத்த பின் எஞ்சிய பொழுதிலேயே ஆராய்ச்சி. செலவும் பெரும்பாலும் கைப்பணம். பிளாட்டினம் பூசிய சிறு உலோக உருண்டைகளுக்கிடையே மின்பொறி தெறிக்கும். அதனின்று அலை பிறந்து, நாம் எண்ணெய் ஊற்றும் புனலை ஒத்த குழாய் வழியே ஒருமுகப்பட்டு வெளியேறும். எதிர்ப்புறத்தில் அலையை ஏற்கும் பகுதியில் சின்னஞ்சிறு எஃகுச் சுருள்விற்கள் ஒன்றையொன்று தொட்டவண்ணம் வரிசையாக நிற்கும். அலை வந்து தாக்கும்போது அத்தொடுமுனைகளில் மின்தடை மாறும். கால்வனாமீட்டரின் முள் அசையும். வில்லைக்கும் பட்டகத்திற்கும் கந்தகம். எல்லாம் ஒரு சிறு மேசைமேல் அடங்கும்.

இனி நான் முன் சொன்ன கால அட்டவணைக்கு வருகிறேன். ஓர் அலை எத்திசையில் அதிர்கிறதோ அத்திசையை மட்டும் பிரித்தெடுத்தல் ஒளி நூலில் முக்கியமான சோதனை. செங்குத்துக் கம்பிகள் இட்ட சன்னலின் ஊடே ஒரு கயிற்றை விட்டு மேலும் கீழும் உதறினால் அலை அப்பால் செல்லும். பக்கவாட்டில் உதறினால் கம்பியில் மோதி நிற்கும். அது போன்றதே இது. மின்னலைக்கு இத்தகைய சன்னலை எங்ஙனம் செய்வது? போஸ் பிராட்ஷா ரயில்வே கால அட்டவணையை எடுத்தார். அதன் தாள்களுக்கிடையே ஈயத்தகட்டு மென்தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒருவாறு பிடித்தால் அலை ஊடுருவிச் சென்றது. 90 பாகை திருப்பிப் பிடித்தால் நின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் வேலை பார்க்கிறேன். கால அட்டவணையால் ரயில்கள் மட்டுமே ஓடும், அதுவும் சில நாட்களில் ஓடுவதில்லை என்றே எண்ணியிருந்தேன்! வங்காளத்தில் மலிந்த சணலையும் அவர் விட்டு வைக்கவில்லை. சணல் புரிகளை வலமாகவும் இடமாகவும் முறுக்கிக் கட்டி, சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவது போல் இம்முறுக்குகள் மின்னலையைத் திருப்புவதை 1898இல் காட்டினார். விலையுயர்ந்த கருவிக்காக அவர் காத்திருக்கவில்லை. ஆனால் அளவிடுவதில் சிறிதும் தளர்ந்தாரில்லை. கருவி எளியது, கணக்கு கடியது.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன் ஒரு காட்சி நடத்தினார். வங்காள லெப்டினன்ட் கவர்னர் மெக்கன்சி தலைமை தாங்கினார். ஓர் அறையில் பிறந்த அலை, தலைவரின் பருத்த உடலையும் சுவர்களையும் ஊடுருவி, 75 அடி தொலைவில் ஒரு மணியை அடித்தது. துப்பாக்கி மருந்தை வெடிக்கச் செய்தது. கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. அதே ஆண்டில் அவர் கட்டுரை ரேலி பிரபுவின் வழியாக லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சென்றது. 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு இங்கிலாந்து சென்று லிவர்ப்பூலில் அவர் சோதனைகளைக் காட்டியபோது, முதியவரான கெல்வின் பிரபு தாங்கித் தாங்கி மாடியேறி, பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த அபலா அம்மையாரைக் கண்டு கைகுலுக்கிப் பாராட்டினார். படகோட்டிய கைகள் அல்லவா அவை! 1897ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளி மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தும் பெருமையும் அவருக்குக் கிட்டியது.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸே, மார்கோனி அதனைக் களவாடினார் என்று முழங்குவோர் பலர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. செய்தியை நெடுந்தொலைவு அனுப்புவது மார்கோனியின் நோக்கம். அதற்காகவே உழைத்தார், வென்றார். அலையின் இயல்பை அறிவது போஸின் நோக்கம். ஆயினும் 1901 டிசம்பர் 12ஆம் நாள் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறியைக் கேட்க மார்கோனி பயன்படுத்திய பாதரசக் கருவி, 1899இல் போஸ் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் விளக்கிய இரும்பு-பாதரசக் கருவியின் வழிவந்ததே என்று 1998இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்க இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு சான்றுகளோடு வாதிட்டது. அன்று உரிய பெயர் உரியவருக்குச் சொல்லப்படவில்லை. இவ்வளவு சொன்னாலே போதுமானது. போஸின் புகழுக்கு மிகை வேண்டுவதில்லை.

பெயரைப் போலவே பொருளையும் அவர் தேடவில்லை. 1901இல் லண்டனில் அவர் சொற்பொழிவுக்கு முன் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமைப் படிவத்தைக் கையிலேந்தி வந்து, இலாபத்தில் பங்கு தருவதாகவும், சொற்பொழிவில் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட வேண்டாமென்றும் வேண்டினார். போஸ் மறுத்துவிட்டார். பணத்தின் சுழலில் ஒருகால் அகப்பட்டால் மீள்வதரிது என்று தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதினார். பிறகு அமெரிக்க மாது சாரா புல் அம்மையார், சகோதரி நிவேதிதை ஆகியோரின் வற்புறுத்தலால் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கோரப்பட்டு 1904இல் கிடைத்தது. அதனையும் அவர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டார்.

இது சரியா? என் அலுவலக நண்பர்களோடு இதுபற்றிப் பல நாள் வாதிட்டிருக்கிறேன். அறிவு காற்றைப் போல எல்லோர்க்கும் பொது என்னும் கொள்கை உயர்ந்ததே. ஆனால் அக்காப்புரிமையின் பயனால் நம் நாட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று குமாஸ்தா மனம் கணக்குப் போடுகிறது. சம்பளத்தில் உரிமைப் பங்கை ஒரு காசு குறையாமல் கேட்டவர், காப்புரிமையில் கோடியை வேண்டாமென்றது முரண்போலவும் தோன்றும். நெடிது எண்ணிய பின் எனக்குப் புலப்பட்டது இது: சம்பளப் போரில் அவர் கேட்டது பணத்தையன்று, மதிப்பை. ஆயினும் தொழிற்சாலை பற்றிய ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்காப்புரிமை எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகமுனை மின்னலையை உணர்கிறது என்பதற்கு! பிற்காலத்தில் படிக ரேடியோவில் குண்டூசி முனையால் தடவித் தடவிப் பாட்டுக் கேட்டார்களே, அதன் மூலம் இதுவே. இன்று குறைகடத்தி என வழங்கும் பொருள் வகையை மின்னலை உணரப் பயன்படுத்தியதில் போஸே முன்னோடி என்று, 1947இல் டிரான்சிஸ்டரைப் படைத்தோருள் ஒருவரான வால்டர் பிராட்டன் பின்னர் எழுதினார். எங்கள் பிள்ளைகள் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய, மூன்று கால்கள் கொண்ட அந்தக் கறுப்புப் பொட்டுக்கு இப்படியும் ஒரு முன்னோர் உண்டு. போஸின் மில்லிமீட்டர் அலைகள் நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தன. 2022இல் இந்திய அரசு ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கென ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அவர் அன்று அச்சிற்றறையில் கையாண்ட எல்லைக்குள் அடங்குவதே. 2012இல் உலக மின்பொறியாளர் அமைப்பு அவருடைய அச்சோதனைகளை ஒரு மைல்கல்லாக ஏற்றுக் கல்கத்தாவில் நினைவுப் பலகை நாட்டியது.

வீட்டு மூலையில் பாகங்களைக் கோத்து வானலைகளை எழுப்பும் ஆர்வம் தென்னாட்டிலும் பரவியது. 1924இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அன்பர்களும் அமைத்த சென்னை மாகாண வானொலி மன்றம் 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டே ஒலிபரப்பியது. நம் கன்னட நாட்டிலோ, 1935இல் மைசூர் மகாராஜா கல்லூரி உளநூல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே 30 வாட் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆகாசவாணி என்று பெயர் பெற்றது அதுவே. பின்னர் நாடெங்கும் வழங்கிய அப்பெயர் மைசூரில் ஒரு வீட்டிலிருந்து எழுந்தது என்பதைக் கன்னட நண்பர்களிடம் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

போஸின் பிற்கால வாழ்வு தாவரங்களோடு கழிந்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை இந்தியத் தொழிலாளரைக் கொண்டே செய்தார். தாவரங்களும் தூண்டலுக்கு மின் மாறுதலால் விடையளிக்கின்றன என்று கூறியபோது உடல்நூலார் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. 1915இல் கல்லூரியினின்று ஓய்வு பெற்றார். 1917ஆம் ஆண்டு தம் பிறந்த நாளிலேயே, வாழ்நாள் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்கு நடக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கொள்வதில்லை என்பதையும் விதியாக்கினார்! அவ்வாண்டே சர் பட்டமும், 1920இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் வந்தன. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், 79ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடீ என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அபலா அம்மையார் அதன்பின்னும் பெண் கல்விக்காகவும் கைம்பெண்களின் நல்வாழ்வுக்காகவும் பாடுபட்டு 1951இல் மறைந்தார்.

இவ்வளவையும் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் நான் சொன்னேன். கால அட்டவணைக் கதைக்குத் தலைவரே சிரித்துவிட்டார். தண்ணீர்க் குழாய்க்கு அருகே மின்னிணைப்பு வேண்டாம், ஈயம் பற்றவைக்கையில் சன்னல் திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளுடன் அறையின் பாதி கொடுக்கப்பட்டது. உடனிருக்கும் பெரியவர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதற் சோதனையில் கருவி ஊமையாக இருந்தது. டிரான்சிஸ்டர் ஒன்றைத் தலைமாற்றிப் பூட்டியிருந்தனர். அதனைக் கழற்றித் திருப்பி வைத்ததும் அருகிலிருந்த பழைய சிற்றலை ரேடியோவில் மெல்லிய சீழ்க்கை எழுந்தது. தேர்வுக்கு நால்வரும் இப்போது மோர்ஸ் பயில்கின்றனர். அவர்கள் மேசை தட்டும் ஒலியால் பின்வீட்டார்க்குச் சிறிது தொல்லை உண்டு, பொறுத்தருள வேண்டுகிறேன்.

போஸ் கையாலே செய்த கருவிகள் கல்கத்தாவில் ஆசாரிய பிரபுல்ல சந்திரர் சாலையிலுள்ள போஸ் நிலையத்தில் காக்கப்பட்டுள்ளன. அவர் வாழ்ந்த இல்லமும் அடுத்தே உள்ளது. பூசை விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாமென்று இருக்கிறோம். பெங்களூரிலிருந்து ஹவுராவுக்கு நேர் வண்டி உண்டு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். பூசைக் காலத்தில் முதல் நாளிலேயே இடங்கள் தீர்ந்துவிடும். உடன்வர விரும்பும் குடும்பத்தார் பயணிகளின் பெயரையும் வயதையும் ஆவணி மாதத்திற்குள் என்னிடம் எழுதிக் கொடுத்தால், படிவம் நிரப்பும் வேலையை நான் பார்த்துக் கொள்கிறேன்.